பாட்டில்லாப் படமும் விமரிசகர் கடமையும்

பெருஞ்செலவில் உருவாகும் திரைப்படத்துக்கு விமரிசகனின் தயவு வேண்டுவதில்லை. நாயகனின் முகந்தாங்கிய சுவரொட்டியே அதற்குப் போதுமான விளம்பரமாகிறது. சிறு முதலில் எடுக்கப்பெறும் துப்பறியும் படத்தின் நிலை வேறு. கதையின் முடிச்சு ஒன்றே அதன் செல்வம். அம்முடிச்சு நன்றென நாலுபேர் எடுத்துரைத்தாலன்றி, அப்படம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆயினும், விமரிசகர் புகழ்ந்தால் மட்டும் ஒரு படம் பிழைத்துவிடுமா? இவ்வினாவுக்கு விடை காண 1954ஆம் ஆண்டை நோக்குதல் வேண்டும்.

அவ்வாண்டு ஏப்ரலில் ஏ.வி.எம். நிறுவனத்தார் ‘அந்த நாள்’ என்னும் படத்தை வெளியிட்டனர். வீணை வித்துவானாகவும் புகழ் எய்திய எஸ். பாலசந்தர் அதனை இயக்கினார். ஜாவர் சீதாராமன் எழுதினார். சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் தலைமை வேடங்களை ஏற்றனர். 1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசிய நாளையொட்டிப் பின்னப்பட்ட கதை அது. படம் தொடங்கியதும் ராஜன் என்னும் ரேடியோ எஞ்சினியர் சுட்டுக் கொல்லப்படுகிறான். துப்பறியும் அதிகாரி வீட்டாரையும் அயலாரையும் ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ஒவ்வொருவரும் வேறொருவர்மீது ஐயத்தைத் திருப்புகின்றனர். பாட்டில்லை, நடனமில்லை, சண்டைக் காட்சியுமில்லை. பாட்டே இல்லாமல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் இதுவே.

விமரிசகர் போற்றினர். இந்திய அரசின் தேசிய விருது வரிசையில் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. ஆனால், பாட்டு எப்பொழுது வரும் எனக் காத்திருந்த பொதுமக்கள் ஏமாற்றத்தோடு எழுந்து சென்றனர். வசூல் குன்றிற்று. அதன் விளைவு நெடுங்காலம் நீடித்தது. பாட்டின்றிப் படமெடுக்கும் துணிவு தமிழ்த்திரையில் அருகிப்போயிற்று. பாலசந்தரே பத்து ஆண்டுகள் கழித்து, 1964இல், ‘பொம்மை’ என்ற மர்மப் படத்தை எடுத்தபோது பாட்டுகளும் உடன் வந்து சேர்ந்தன!

விமரிசகரும் இப்படத்துக்கு முழு நீதி செய்தார்கள் என்று கூறுவதற்கில்லை. ஜப்பானிய டைரக்டர் குரொசாவாவின் ‘ராஷோமொன்’ படத்தோடு இதனை ஒப்பிட்டுப் பேசுவது இன்றளவும் வழக்கமாகிவிட்டது. அப்படத்திலோ உண்மை எதுவென்பது இறுதிவரை துலங்குவதில்லை. ‘அந்த நாள்’ குற்றவாளியைத் திட்டமாகக் காட்டி முடிகிறது. கொலையுண்ட ஒரு பெண்ணைப் பற்றி ஐவர் ஐந்து விதமாகக் கூறும் ‘தி உமன் இன் குவெஸ்சன்’ என்னும் 1950ஆம் ஆண்டு ஆங்கிலப் படத்துக்கே இஃது அணுக்கமானது. புகழ்பெற்ற பெயரொன்றைச் சொல்லிவிட்டால் ஆராய்ச்சி முடிந்ததென எண்ணுவது விமரிசனம் ஆகாது.

இதற்கு மறுதலையாக நிகழ்ந்ததும் உண்டு. ஆல்பிரட் ஹிட்ச்காக் 1960இல் ‘சைக்கோ’வை எடுத்தார். ஹாலிவுட் கணக்கில் அது சிறு முதல். ஏறத்தாழ எட்டு லட்சம் டாலர். தம் தொலைக்காட்சித் தொடரில் பணியாற்றியவர்கள் பலரையே துணைக்கொண்டு கறுப்பு வெள்ளையில் எடுத்து முடித்தார். மர்மம் வெளிப்பட்டுவிடும் என்று விமரிசகருக்கு முன்கூட்டிக் காட்டவும் மறுத்தார். விமரிசகர் பலர் முகஞ்சுளித்தனர். மக்களோ திரண்டு வந்தனர். முதலிற் குறைகூறிய நியூயோர்க் டைம்ஸ் விமரிசகர் பொஸ்லி கிரௌதர், ஆண்டிறுதியில் அவ்வாண்டின் சிறந்த பத்துப் படங்களுள் ஒன்றாக அதனைச் சேர்த்துக்கொண்டார்!

ஆகவே, விமரிசகன் தீர்ப்பே முடிவு என்பதும் பொய். கூட்டமே சான்று என்பதும் பொய். இருதிறத்தாரும் ஒன்றுபடுங்காலை சிறிய படமும் கரையேறும். 2016 டிசம்பரில் வெளியான ‘துருவங்கள் பதினாறு’ அதற்குச் சான்று. இருபதுகளின் தொடக்கத்திலிருந்த கார்த்திக் நரேன் என்னும் இளைஞர், குடும்பத்தாரின் பொருளுதவியுடன் இயக்கிய முதற்படம் அது. ரகுமான் பொலீஸ் அதிகாரியாகத் தோன்றினார். பத்திரிகைகள் பாராட்டின; மக்களும் நாடிச் சென்றனர். அறுபத்திரண்டு ஆண்டுகளில் ரசனை வளர்ந்திருக்கிறது என்று நாம் மகிழலாம்.

எனினும் ஒன்று சொல்வோம். மடுல்கெல்லத் தோட்டங்களினின்றும் வத்தேகம வழியே பஸ் ஏறிக் கண்டிக்குச் சென்று படம் பார்த்து மீளும் குடும்பத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு நாட்சம்பளமும் கரைந்துவிடும். அவர்களுக்கு வேண்டியது புகழ்மாலையுமன்று, வசைமாரியுமன்று. ‘இப்படத்தில் பாட்டில்லை, செவியைக் கூர்மையாக்கி, பேச்சைக் கவனித்து இருங்கள், முதற்காட்சியைத் தவறவிடாதீர்கள், குழந்தைகளுக்கு ஏற்றதன்று’ என்று முன்னறிவிக்கும் நேர்மையே வேண்டும். இத்தகைய வழிகாட்டிகள் போதிய அளவில் இருந்திருந்தால், 1954இல் கொட்டகைக்கு வந்தோருட் பலர் பாட்டைத் தேடாமல் கொலையாளியைத் தேடியிருப்பார்கள்.

நல்ல விமரிசகன் ரசிகனைப் படத்தின் வாயில்வரை அழைத்துச் செல்ல வேண்டும். உள்ளே புகுந்து விளக்கை ஏற்றிவிடக் கூடாது. படத்தின் குறைகளைத் தாராளமாகச் சொல்லட்டும்; நிறைகளையும் சொல்லட்டும். கொலை செய்தவர் யாரென்பதை மட்டும் சொல்லாதிருப்பாராக!