பறவை வேட்டைக் கலை: அழியவிடலாமோ?

திருவான்மியூர் வான்மீகி முனிவர் பெயரால் விளங்கும் ஊர். வேடன் அம்பினால் துணையிழந்த பறவையின் துயர்கண்டு அம்முனிவர் சினந்துரைத்த சொல்லே பாடலாயிற்று என்பர். அவ்வூர்க் கடற்கரையில் பருந்துகள் வட்டமிடுதலைக் காணுந்தோறும், பறவையைக் கொண்டே பறவையை வேட்டையாடும் பழங்கலை எம் நினைவிற்கு வரும். அதனைக் குறித்து எம் கருத்தை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

குமாவூன் அரசர் ருத்திரதேவர் இக்கலைக்கென வடமொழியில் நூலொன்று யாத்தனர். சென்ற நூற்றாண்டிலும் பவநகர் அரச குடும்பத்துத் தர்மகுமாரசிங்ஜி இதில் வல்லவராய்த் திகழ்ந்தனர். கையில் தோலுறை பூண்டு, வல்லூற்றின் கண்களைத் தோல்மூடியால் மறைத்து, காலிற் சிறுமணி கட்டி, நாடோறும் எடை பார்த்து உணவளித்துப் பழக்குவர். அடித்துப் பழக்கினால் அது பழகாது. வானில் விட்டபின் அதனைப் பிணிக்கும் கயிறு யாதுமில்லை. மீண்டு வருதல் அதன் விருப்பமே. ஆதலின் பொறுமையே இக்கலையின் உயிர் எனலாம்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுயிரைப் பிடித்தலையும் வேட்டையென்றே கொள்ளும். அதனால் இந்நாட்டில் இக்கலை பெரிதும் மறைந்தது. 2010இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் இதனை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தமையின், நாமும் மீண்டும் தொடங்கலாகாதோ எனச் சிலர் வினவக்கூடும். தொடங்கலாகாது என்பதே எம் துணிபு. செம்பியன் எனப் பெற்ற சிபி மன்னன், புறாவைக் காத்தபோதும் பருந்தின் பசியை மறுத்தானல்லன். தன் தசையையே அரிந்தீந்தான். பருந்து பசிக்கு வேட்டையாடுகின்றது; நாமோ பொழுதுபோக்கிற்கு அதனை ஏவுவோம். பருந்தின் பறப்பு மனிதன் அறிவால் ஆயதன்று என்பதை யோபு ஆகமமும் உணர்த்துமன்றோ?

எனினும், வேட்டை ஒழிக என்பார் அதன் அறிவும் ஒழிக என்னற்க. டி.டி.டி. என்னும் பூச்சிமருந்தால் முட்டையோடு மெலிந்து, அமெரிக்காவில் பைரி என்னும் வல்லூறு அருகிய காலத்து, அதனைக் காத்தவருள் முன்னின்றோர் இக்கலைஞரே. அவருள் ஒருவரான டாம் கேட் என்னும் பேராசிரியர் 1970இல் அதற்கெனக் கழகமொன்று நிறுவினர். கூட்டில் வளர்த்த குஞ்சுகளை மேடையில் வைத்து உணவூட்டி, தாமே வேட்டையாடக் கற்குமளவும் காத்து விடுவித்தனர். இது பழைய வேட்டைக்காரர் முறையே. 1999இல் அப்பறவை அருகிய உயிர்ப் பட்டியலினின்றும் நீக்கப்பெற்றது.

நம் நகரங்களிலும் மாஞ்சா நூலால் சிறகறுந்து வீழும் பருந்துகள் பல. அவற்றை அஞ்சாது ஏந்தவும், அளவறிந்து ஊட்டவும், மீண்டும் பறக்கப் பயிற்றவும் வல்ல கைகள் வேண்டும். கால்நடை மருத்துவம் பயில்வோரும் வனத்துறையினரும் இவ்வறிவைக் கற்பாராக. மாணவராகிய நாம் மாஞ்சா நூலைக் கையால் தொடாதிருப்போமாக. பிடிப்பதற்கெனத் தோன்றிய கலை விடுவிப்பதற்குப் பயன்படுமாயின், அதனினும் சிறந்த பேறு அதற்கு வேறில்லை.