‘நம் ஆள்’ என்பவர் யார்? அயர்லாந்து மாகாண ரக்பியும் ரசிகர்களின் வாதமும்

ஓர் ஆட்டப் பருவம் முடிந்து மற்றொன்று தொடங்குவதற்கு இடைப்பட்ட கோடை மாதங்களில் அயர்லாந்தின் ரக்பி ரசிகர்கள் ஓயாமல் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். தம் மாகாண அணிக்கு யார் வருகிறார், யார் விலகுகிறார், எந்த இடத்தில் ஆள் போதவில்லை, இருப்போரைக் கொண்டு வரும் பருவத்தில் எதுவரை செல்ல இயலும் என்பதே அக்கணக்கு. வெளியிலிருந்து நோக்குவோர் இதனை வெறும் அரட்டை எனத் தள்ளிவிடக்கூடும். அவ்வாறு தள்ளுவது பிழை. ஓர் அணிக்கு ஆளெடுப்பது குறித்த வாதம், ‘இம்மண்ணைச் சேர்ந்தவர் யார்’ என்ற வினாவைச் சாதாரண மக்கள் பெயர்களையும் எண்களையும் முன்வைத்து விவாதிக்கும் அரிய களங்களில் ஒன்று. அக்களத்தில் எழும் குரலுக்கு முடிவெடுப்போர் இன்று அளிப்பதைவிடக் கூடுதலான மதிப்பு உரியது.

லென்ஸ்டர், மன்ஸ்டர், அல்ஸ்டர், கனாக்ட் ஆகிய நான்கும் அயர்லாந்தின் பழைய மாகாணங்கள். இன்று அவற்றுக்குச் சட்டமன்றம் இல்லை, வரி விதிக்கும் உரிமை இல்லை, ஆளுநரும் இல்லை. அல்ஸ்டரின் ஒன்பது கவுன்டிகளில் ஆறு ஐக்கிய இராச்சியத்திலும் மூன்று அயர்லாந்துக் குடியரசிலும் அடங்கியுள்ளன. ஆனால் 1879-இல் உருவான அயர்லாந்து ரக்பி ஒன்றியம் 1921-இன் நாட்டுப் பிரிவினைக்குப் பின்னும் பிரியவில்லை. தீவு முழுமைக்கும் ஒரே தேசிய அணிதான் இன்றும் ஆடுகிறது. வரைபடத்தில் ஆட்சி எல்லையாக இல்லாத ஒரு நிலப்பகுதி, விளையாட்டு மைதானத்தில் மட்டும் முழு உயிரோடு வாழ்கிறது.

அவ்வுயிரும் மிகப் பழமையானது அன்று. மன்ஸ்டர் அணி 1978 அக்டோபர் 31 அன்று லிமெரிக் நகரின் தோமண்ட் பார்க்கில் நியூசிலாந்தை 12–0 என வென்றது இன்றும் பேசப்படுகிறது. அன்று ஆடியவர்கள் வேறு வேலை பார்த்துப் பிழைத்தவர்கள். அவர்கள் வாரந்தோறும் ஆடியது ஷானன், கேரியோவன் போன்ற ஊர்க் கழகங்களுக்காக. மாகாண அணி ஆண்டில் சில நாள்களே கூடும். 1995-இல் ரக்பி ஊதியம் பெறும் தொழிலாக ஏற்கப்பட்டது. அதன் பின் அயர்லாந்தின் சிறந்த வீரர்கள் பலர் இங்கிலாந்துக் கழகங்களை நாடிச் சென்றனர். அவர்களை நாட்டில் நிறுத்த ஒன்றியம் கண்ட வழி, மாகாணங்களையே தொழில்முறை அணிகளாக்குவது. இன்று பரம்பரைச் சொத்தாகப் போற்றப்படும் மாகாணப் பற்று, வார வழக்கமாக வேரூன்றி முப்பது ஆண்டுகளே ஆகின்றன. வேர் ஆழமாக இறங்கியது உண்மை. அதனை ஊன்றியது ஒரு நிர்வாக முடிவு என்பதும் உண்மை.

இங்கிலாந்திலும் பிரான்சிலும் கழகங்களுக்கு உரிமையாளர்கள் உண்டு. செல்வந்தர் ஒருவர் விரும்பினால், அந்நாட்டு விதிகளுக்குட்பட்டு, தம் அணியை விலை கொடுத்து உயர்த்திக்கொள்ளலாம். அயர்லாந்தில் மாகாணங்கள் ஒன்றியத்தின் கிளைகள். முன்னணி வீரர் சிலரை ஒன்றியமே நேரடியாக ஒப்பந்தம் செய்கிறது. வெளிநாட்டு வீரரை அமர்த்த அதன் ஒப்புதல் வேண்டும். அதன் முதல் நோக்கம் தேசிய அணி. ஒரே இடத்தில் நான்கு மாகாணங்களும் வெளிநாட்டவரை ஆட வைத்தால், அவ்விடத்திற்குத் தேசிய அணியில் ஆள் கிடைக்காது. 2011-இன் இறுதியில் ஒன்றியம் வெளிநாட்டு வீரர் எண்ணிக்கைக்கு இறுக்கமான வரம்பை அறிவித்ததற்கு இவ்வச்சமே காரணம். அதனை நியாயமற்றது எனக் கூற இயலாது.

ரசிகரின் கணக்கோ வேறு. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆறு நாடுகள் போட்டி நடைபெறும்போது தேசிய வீரர்கள் மாகாணத்தை விட்டுச் சென்றுவிடுவர். அக்காலத்திலும் லீக் ஆட்டங்கள் உண்டு. புள்ளிப் பட்டியல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. தேசிய வீரர்கள் திரும்பி வந்த பிறகும் ஓய்வு கருதி அவர்கள் ஆடும் நிமிடங்கள் கட்டுப்படுத்தப்படும். எனவே அயர்லாந்துக்கு ஆடும் தகுதி இல்லாத தென்னாப்பிரிக்கரோ நியூசிலாந்தரோ அணியில் இருந்தால், அம்மழைக்கால வாரங்களில் அணியைத் தாங்குபவர் அவரே. அவர் தேசிய அணிக்குப் பயன்படாதவர் என்பதே மாகாணத்திற்கு அவருடைய பெரும்பயன். இந்த முரணை அல்ஸ்டரின் பருவச்சீட்டு வைத்திருக்கும் எந்த ரசிகரும் இரண்டு வாக்கியங்களில் விளக்கிவிடுவார்.

ருவான் பீனார் நிகழ்வு இம்முரணின் கூர்முனை. தென்னாப்பிரிக்காவின் ஸ்க்ரம்-ஹாஃப் ஆட்டக்காரரான அவர் 2010-இல் அல்ஸ்டருக்கு வந்து பெல்பாஸ்ட்டில் குடும்பத்துடன் வாழ்ந்தார். அவரும் தொடர விரும்பினார். மாகாணமும் அவரைத் தக்கவைக்க விரும்பியது. 2016-இல் ஒன்றியம் அவரது ஒப்பந்தத்தை நீட்டிக்க மறுத்தது. அவ்விடத்தில் அயர்லாந்து வீரர் ஒருவர் வளரவேண்டும் என்பது அதன் வாதம். 2017-இல் அவர் பிரான்சுக்குச் சென்றார். அல்ஸ்டர் ரசிகர்கள் கொதித்தனர். அவருக்குப் பதிலாக கனாக்டிலிருந்து வந்தவர் ஜான் கூனி; டப்ளினில் பிறந்து லென்ஸ்டரில் தொடங்கியவர். வந்த முதல் பருவத்திலேயே அவர் அல்ஸ்டர் ரசிகர்களின் செல்லப்பிள்ளையானார். பின்னர் அயர்லாந்து அணியிலும் மீண்டும் இடம்பெற்றார்.

இதனைக் கொண்டு ஒன்றியமே வென்றது என முடிப்பது எளிது. விளைவு நல்லதாக அமைந்தது. முடிவெடுத்த முறை நல்லதாக அமையவில்லை. ஏழாண்டுகள் தம்மோடு வாழ்ந்த ஒருவரை அனுப்பும்போது, அந்த மாகாணத்து மக்களுக்குக் கிடைத்தது அறிவிப்பு மட்டுமே. மேலும், அந்த ரசிகர்களின் துயரத்தில் அயலவர் வெறுப்பு இல்லை என்பதையும், அவர்களது வரவேற்பில் ஊர்ப்பிறப்புச் சோதனை இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தென்னாப்பிரிக்கரும் டப்ளின்காரரும் ஒருவர் பின் ஒருவராக அல்ஸ்டரின் ஆட்களாயினர். சட்டம் கடவுச்சீட்டையும் வசிப்பு ஆண்டுகளையும் எண்ணுகிறது; மைதானத்தின் படிக்கட்டுகளில் அமர்ந்திருப்போர் எத்தனை குளிர்கால இரவுகளில் ஒருவர் தமக்காக ஆடினார் என்பதை எண்ணுகின்றனர்.

சட்டத்தின் எண்ணிக்கை எத்துணை நிலையற்றது என்பதற்கு மன்ஸ்டரின் ஜான் கிளெய்ன் சான்று. தென்னாப்பிரிக்காவில் பிறந்த அவர் வசிப்புக்காலத்தின் அடிப்படையில் தகுதி பெற்று 2019 உலகக் கோப்பையில் அயர்லாந்துக்கு ஆடினார். பின்னர் உலக ரக்பி அமைப்பு விதியைத் தளர்த்தியது: மூன்றாண்டுகள் சர்வதேச ஆட்டம் ஆடாதிருந்தால் பிறந்த நாட்டிற்கு மாறலாம். 2023-இல் கிளெய்ன் தென்னாப்பிரிக்காவுக்கு ஆடி உலகக் கோப்பை வென்ற அணியில் இடம்பெற்றார். அதே அணியில் ஆர்.ஜி. ஸ்னைமனும் இருந்தார், அவரும் மன்ஸ்டரின் இரண்டாம் வரிசை வீரரே. அக்காலத்தில் கிளெய்ன் ஒரு நாள்கூட மன்ஸ்டரை விட்டு வேறு கழகத்திற்குப் பெயரவில்லை. ஆயினும் ஒன்றியத்தின் ஏட்டில் உள்ளூர்க்காரர் என்ற நிலையிலிருந்து வெளிநாட்டவர் ஆனார். இருவரில் ஒருவரையே வைத்திருக்கலாம் என்ற நிலை வந்தது. மன்ஸ்டர் கிளெய்னை வைத்துக்கொண்டது.

ஸ்னைமன் 2020-இல் தம் முதல் ஆட்டத்தின் தொடக்க நிமிடங்களிலேயே முழங்காலில் காயமுற்றவர். அடுத்தடுத்த காயங்களால் அவரது மன்ஸ்டர் காலத்தின் பெரும்பகுதி சிகிச்சையில் கழிந்தது. அத்தனை காலம் காத்திருந்த ரசிகர்களை விட்டு 2024-இல் அவர் சென்று சேர்ந்த இடம், பரம எதிரியான லென்ஸ்டர்.

சிக்கலின் அடிவேர் இங்கேதான் உள்ளது. அயர்லாந்தின் மக்கள்தொகையிலும் செல்வத்திலும் பெரும்பங்கு டப்ளினைச் சூழ்ந்துள்ளது. அங்கு பிளாக்ராக் கல்லூரி, செயின்ட் மைக்கேல்ஸ் போன்ற கட்டணப் பள்ளிகள் ஆண்டுதோறும் பயிற்சி முடித்த வீரர்களை லென்ஸ்டருக்கு வழங்குகின்றன. மேற்குக் கரையின் கனாக்டில் அத்தகைய பள்ளிகளின் வரிசை இல்லை. வெளிநாட்டு வீரருக்கான வரம்பு தாளில் நான்கு மாகாணங்களுக்கும் பொது. உள்ளூரிலேயே தேவைக்கு மேல் விளைவிக்கும் மாகாணத்திற்கு அவ்வரம்பு ஒரு சிறு இடையூறு. விளைச்சல் குறைந்த மாகாணத்திற்கு அதுவே பருவத்தின் தலைவிதி. சமமற்ற நிலத்தில் விதிக்கப்பட்ட சமமான விதி, சமமின்மையைக் காப்பாற்றும். கனாக்ட் ரசிகரின் முணுமுணுப்பை வெறும் பொறாமை எனக் கொள்வோர் இதனைக் காணத் தவறுகின்றனர்.

பெரும்பெயர்களை வாங்கிக் குவித்தால் கோப்பை வந்துவிடும் என்பதும் இல்லை. 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளும் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டத்தில் தோற்ற லென்ஸ்டர், அடுத்த பருவத்திற்கு ஸ்னைமனோடு நியூசிலாந்தின் ஜோர்டி பாரெட்டையும் பிரான்சின் ரபா ஸ்லிமானியையும் சேர்த்தது. 2025 அரையிறுதியில் டப்ளினிலேயே நார்தாம்ப்டனிடம் 37–34 எனத் தோற்றது. லீக் பட்டத்தை வென்று ஓரளவு ஆறுதல் தேடிக்கொண்டது. மாறாக, 2023-இல் மன்ஸ்டர் லீக் பட்டம் வென்ற கதை வேறு. டப்ளினில் லென்ஸ்டரை 16–15 என வீழ்த்திய கடைசிநேர டிராப் கோலை அடித்த ஜாக் கிரவுலியும், கேப் டவுன் இறுதியாட்டத்தின் வெற்றி டிரையைப் பதித்த ஜான் ஹாட்நெட்டும் கார்க் கவுன்டியின் பிள்ளைகள். உள்ளூர் விளைச்சலும் வெளியூர்த் துணையும் எந்த அளவில் கலக்கவேண்டும் என்பதே ரசிகர்கள் ஆண்டுதோறும் விவாதிப்பது. அவ்விகிதத்திற்கு ஆயத்த விடை எவரிடமும் இல்லை.

ரசிகர்கள் அடுத்த சனிக்கிழமையைப் பார்ப்பவர்கள், ஒன்றியம் அடுத்த பத்தாண்டைப் பார்ப்பது என்ற மறுப்பு வலிமையானது. 2018-இலும் 2023-இலும் அயர்லாந்து ஆறு நாடுகள் போட்டியில் அனைத்து ஆட்டங்களையும் வென்றதற்கு இந்த மையக் கட்டுப்பாடும் ஒரு காரணம். ஆகவே வரம்பை ஒழிக்க வேண்டியதில்லை. வேண்டுவன மூன்று. வரம்பு மாகாணத்தின் வளத்திற்கேற்ப நெகிழவேண்டும். நீண்டநாள் ஆடிய ஒருவரை மறுக்கும்போது, காரணம் எழுத்தில், பொதுவில் வைக்கப்படவேண்டும். நெடுங்காலம் வாழ்ந்து ஆடியவரை, ஆண்டுகள் கடந்த பின்னும் புதிதாக வந்திறங்கியவரோடு ஒரே பட்டியலில் எண்ணும் வழக்கம் மறுபரிசீலனைக்கு உள்ளாகவேண்டும்.

இவ்வினாக்கள் இந்தியாவுக்கு அந்நியமானவை அல்ல. விதர்பா ஒரு மாநிலம் இல்லை. தனிமாநிலக் கோரிக்கை நெடுங்காலமாக நிறைவேறாத நிலப்பகுதி. ரஞ்சிக் கோப்பையில் மட்டும் அது தனித்து நிற்கிறது. 2017–18, 2018–19 பருவங்களில் அது அடுத்தடுத்துக் கோப்பை வென்றபோது, மும்பையிலிருந்து வந்த வாசிம் ஜாஃபர் 2018–19-இல் ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஓட்டங்கள் குவித்தார். வெளியிலிருந்து வந்த மூத்தவர் ஒருவர் உள்ளூர் இளைஞர்களின் இடத்தைப் பறித்தாரா, அவர்களை உயர்த்தினாரா என்ற விவாதம் நாக்பூருக்கும் கால்வேக்கும் பொது.

கால்வேயைச் சொல்லும்போது 2003-ஐ மறக்க இயலாது. பணத்தட்டுப்பாட்டைக் காட்டி, கனாக்டின் தொழில்முறை அணியை மூடிவிடலாமா என ஒன்றியம் ஆலோசித்தது. கணக்கேட்டின்படி அது பிழையான ஆலோசனை அன்று: கனாக்ட் கோப்பைகள் வென்றதில்லை, தேசிய அணிக்குத் தந்த வீரர்களும் குறைவு. அவ்வாண்டு ஜனவரியில் ரசிகர்கள் டப்ளினில் திரண்டு, ஒன்றியத்தின் வாயிலுக்கு ஊர்வலமாகச் சென்றனர். அணி பிழைத்தது. 2014-இல் அங்கு வந்து சேர்ந்தார், ஆக்லாந்தில் சமோவா வழிக் குடும்பத்தில் பிறந்த பண்டீ அகி. 2016-இல் எடின்பரோவில் லென்ஸ்டரை 20–10 என வென்று கனாக்ட் லீக் பட்டம் பெற்றது. 2017-இல் அகி அயர்லாந்துக்கு ஆடத் தொடங்கினார். அவர் எவ்வகையில் அயர்லாந்துக்காரர் என அப்போது பலர் கேட்டனர். 2023-இல் உலகின் சிறந்த வீரர் விருதுக்கான இறுதிப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

2003-இல் கணக்கேட்டின் சொல்லே இறுதியாக இருந்திருந்தால், அகி வந்து சேர்வதற்கு அங்கே ஓர் அணி இருந்திருக்காது. அதனைக் காத்தவர்கள், ஒவ்வொரு கோடையிலும் ‘யார் வருகிறார், யார் போகிறார்’ என்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அதே மனிதர்கள். அடுத்த ஒப்பந்தப் பட்டியலை எழுத அமர்வோர், அவர்களையும் ஒரு சொல் கேட்பது முறை.