கீழே உட்கார்ந்திருந்தவர்

போன கோடை விடுமுறையில் சென்னையில் மகன் வீட்டில் மூன்று வாரம் இருந்தேன். ஒன்பதாம் வகுப்புக்குப் போகவிருந்த பேத்தி ஒரு நாள், "எனக்கு பிசிக்ஸ் வராது தாத்தா" என்றாள். பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். வராது என்றாள். பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி இப்படித் தீர்ப்பு எழுதிக்கொண்டால் பிறகு அதற்கு மேல்முறையீடே கிடையாது. அதனால்தான் தலையிட்டேன்.

பள்ளியில் கொடுத்த ஒரு பாடத்தை டேப்லெட்டில் காட்டினாள். கதை வழியாக அறிவியல் சொல்லித் தருகிறார்களாம். பாஸ்கலின் மலைப் பரிசோதனை. பார்த்ததும் எனக்கு ஒரே மகிழ்ச்சி. அறுபது வருடத்துக்கு முன் புதுச்சேரியில், பிரெஞ்சு வழிப் பள்ளியில் நான் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கிய பாடம் அது. கதை நடுவில் நின்றது. மலை உச்சியில் பாதரசம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா என்று கேட்டது. பேத்தி 'ஏறும்' என்பதைத் தொட்டாள். சிவப்பாக ஒரு பெருக்கல் குறி, கூடவே ஒரு சத்தம். அடுத்ததைத் தொட்டாள், மறுபடி சிவப்பு. மூன்றாவது பச்சை. நான்கு நிமிடத்தில் பாடம் முடிந்தது. "எதாவது ஒண்ணு பச்சையா வரும் தாத்தா" என்றாள்.

கதை சொல்லி, நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பது நமக்குப் புதிதல்ல. வேதாளம் விக்கிரமாதித்தனிடம் அதைத்தான் செய்தது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று வேறு மிரட்டியது. என் பாட்டிக்கு 'உம்' கொட்டாவிட்டால் கதை நகராது. அதனால் இந்த முறைக்கு நான் எதிரி இல்லை. ஆனால் எங்கே நிறுத்துவது, எதைக் கேட்பது, தப்பாகச் சொன்னால் என்ன செய்வது என்பதில்தான் வித்தை இருக்கிறது. இதை நானே தப்பாகச் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று இரவு டேப்லெட்டை மூடி வைத்துவிட்டு, பேத்தியையும் அவள் தம்பியையும் பால்கனியில் உட்காரவைத்துக் கதையை நான் சொன்னேன். 1647 நவம்பர். பாரீசில் 24 வயது ப்ளேஸ் பாஸ்கல், உடம்பு சரியில்லாதவர். ஊரில் இருக்கும் அக்கா கணவர் ஃப்ளொரேன் பெரியேவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அதற்கு மூன்று வருடம் முன்பு இத்தாலியில் தொரிச்செல்லி ஒரு கண்ணாடிக் குழாய் நிறையப் பாதரசம் ஊற்றி, பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்தார். முழுதும் கொட்டிவிடவில்லை, 76 சென்டிமீட்டரில் நின்றது. மேலே காலி இடம். ஏன் நின்றது? இயற்கைக்கு வெற்றிடம் பிடிக்காது, அதனால் அது பிடித்து இழுக்கிறது என்று படித்தவர்கள் எல்லோரும் இரண்டாயிரம் வருடமாகச் சொல்லிவந்தார்கள். கிண்ணத்தின் மேல் காற்று உட்கார்ந்து அழுத்துகிறது என்பது தொரிச்செல்லியின் கட்சி. பாஸ்கல் நினைத்தது இதுதான்: காற்றுதான் அழுத்துகிறது என்றால் மலைமேல் காற்று குறைவு, பாதரசம் இறங்க வேண்டும். வெற்றிடத்தின் மேல் உள்ள வெறுப்புதான் காரணம் என்றால், அந்த வெறுப்பு மலையடியில் அதிகமாகவும் உச்சியில் குறைவாகவும் இருக்க நியாயமில்லையே. பாரீசில் மலை கிடையாது. அவர் பிறந்த க்ளெர்மோன் ஊருக்குப் பக்கத்தில் புய் த தோம் இருக்கிறது. உயரம் 1,465 மீட்டர்.

இங்கே நிறுத்தி, ஏறுமா இறங்குமா என்று கேட்டேன். பேரன் ஏறும் என்றான். மேலே போகப் போக எல்லாம் லேசாகிவிடும், பாதரசமும் லேசாகும், அதனால் ஏறுமாம். நல்ல காரணம்தான். தப்பு என்று நான் சொல்லவில்லை. இருவரையும் காரணத்தோடு ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். குமாஸ்தா புத்தி, போகுமா!

நமக்கு மலைக்கு எங்கே போவது? மகன் வீடு 12-வது மாடியில். அவன் போனில் காற்றழுத்தம் காட்டும் கருவி இருந்தது. எல்லாப் போனிலும் இருக்காது, என்னுடையதில் இல்லை. (பாதரசத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது, அது விஷம்.) மறுநாள் காலை 10 மணிக்குத் தரைத்தளத்தில் பார்த்தோம்: 1006.2 ஹெக்டோபாஸ்கல். வானிலை அறிக்கையில் வரும் அந்த அலகில் இருப்பவரும் இதே பாஸ்கல்தான். பிறகு சாப்பாடு, தூக்கம். 3 மணிக்கு மாடியில் பார்த்தோம்: 999.1. இறங்கிவிட்டது! பேரன் தன் தாளைத் தானே கிழிக்கப் பார்த்தான், தடுத்தேன்.

பேத்தி மட்டும் கணக்குப் போட்டாள். நம் ஊர்ச் சூட்டில் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைய சுமார் 8.8 மீட்டர் ஏற வேண்டும். 7.1 குறைந்தால் 62 மீட்டர். மாடிக்கு 3 மீட்டர் என்றால் இருபது மாடிக்கு மேல். "நம்ம வீடு பன்னெண்டுதானே? பில்டிங் தப்பா, போன் தப்பா, பாஸ்கல் தப்பா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. முழு மதிப்பெண் வாங்கியவன் முழித்தேன்.

அன்று இரவு பெரியே எழுதி 1648-லேயே அச்சான அறிக்கையைப் பிரெஞ்சில் தேடிப் படித்தேன். பெரியே ஒரு அரசு ஊழியர், வரி வழக்குகளைப் பார்க்கும் நீதிமன்றத்தில் ஆலோசகர். எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. யார் யார் வந்தார்கள், மணி என்ன, பாதரசம் எத்தனை பவுண்டு, ஒன்றையும் விடவில்லை. 1648 செப்டம்பர் 19. காலை 8 மணிக்கு ஊரின் தாழ்ந்த பகுதியில் ஒரு மடத்துத் தோட்டத்தில் கூடினார்கள். ஒரே மாதிரி இரண்டு குழாய்கள். இரண்டையும் அங்கேயே கவிழ்த்துப் பார்த்து, இரண்டிலும் ஒரே உயரம் என்று உறுதி செய்துகொண்டார்கள். நம் அளவில் 71 சென்டிமீட்டர். அதற்குப் பிறகு செய்ததுதான் நான் மனப்பாடம் செய்த பத்தியில் இல்லாதது. அந்தப் பத்தியில் மலை இருந்தது, உச்சி இருந்தது, பாஸ்கலின் புகழ் இருந்தது. இவர் இல்லை.

மறுநாள் காலை காபியோடு கதையை மறுபடி ஆரம்பித்தேன், இந்தத் தடவை வேறு இடத்தில் நிறுத்தினேன். "நீதான் பெரியே. கையில் சரியாக ஒத்துப்போகும் இரண்டு குழாய். மலைக்கு ஒன்று போதும். இன்னொன்றை என்ன செய்வாய்?" பேரன், உடைந்தால் மாற்றுக்கு வேண்டும், எடுத்துப் போவேன் என்றான். பேத்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கீழேயே விட்டுட்டு, யாரையாவது பாத்துக்கிட்டே இருக்கச் சொல்லுவேன். நாம மேல போறதுக்குள்ள கீழயும் மாறிடுச்சுன்னா?" என்றாள். நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நேத்து அதான் ஆச்சா தாத்தா?"

அதேதான். ஷஸ்தேன் என்ற பாதிரியாரைத் தோட்டத்தில் குழாயின் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுத்தான் பெரியே ஏறினார். நாள் முழுக்கப் பார்க்க வேண்டும், மாறுகிறதா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. மேலே போனவர்களுக்குப் பாதரசம் 62.7 சென்டிமீட்டரில் நின்றது. எட்டரை சென்டிமீட்டர் குறைவு. திகைத்துப்போய், உச்சியில் வெவ்வேறு இடங்களில், அங்கிருந்த சிறு கோயிலுக்குள், வெளியே, காற்றில், மூடுபனியில் என்று ஐந்து தடவை பார்த்தார்கள். ஒரே விடை. இறங்கி வந்தபோது ஷஸ்தேன் சொன்னார்: கீழே நாள் முழுக்க அசையவில்லை. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மேலே அளந்த ஐந்து தடவைக்கும் மதிப்பில்லை.

நம் ஊரில் அசையும். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் கடலின் ஏற்றவற்றம் போல தினம் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை 10 மணி வாக்கில் உச்சம், மாலை 4 மணி வாக்கில் பள்ளம். மூன்று ஹெக்டோபாஸ்கல் வரை வித்தியாசம் வரும். நாங்கள் சரியாக அந்த இரண்டு நேரத்துக்கும் பக்கத்தில் அளந்திருந்தோம்!

அன்று ஷஸ்தேன் வேலை எனக்கு. மருமகளின் போனிலும் கருவி இருந்தது, கேட்டு வாங்கினேன் (அந்தப் புண்ணியவதி அன்று மாலைவரை போனே இல்லாமல் இருந்தாள்). இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்: மகன் போன் 1005.9, மருமகள் போன் 1006.4. அரை ஹெக்டோபாஸ்கல் வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டோம். காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து அரை மணிக்கொரு தடவை நோட்டில் எழுதினேன். பத்தரைக்கு மாடியில் 1001.8, கீழே 1006.4. மூன்று மணிக்கு மாடியில் 998.9, கீழே 1003.5. போன்களின் வித்தியாசத்தைக் கழித்தால் இரண்டு தடவையும் 4.1. பேத்தி பெருக்கினாள்: 36 மீட்டர். பன்னிரண்டு மாடி.

இப்படிக் கதைப் பாடம் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பாதரசம் ஏறுமா இறங்குமா என்பது குழந்தை சும்மா ஊகிக்கும் கேள்வி. இரண்டாவது குழாயை என்ன செய்வது என்பது பெரியே உண்மையிலேயே முடிவு செய்ய வேண்டியிருந்த கேள்வி. கதையை அங்கே நிறுத்துங்கள். குழந்தை தப்பாகச் சொன்னால் உடனே சிவப்புக் குறி போடாதீர்கள். அந்தத் தப்போடு மலை ஏறவிடுங்கள், இருபது மாடிக் கணக்கோடு வந்து நிற்கட்டும். அதற்காக எதைத் தொட்டாலும் கதை இனிதே முடியும் என்றும் செய்துவிடாதீர்கள். ராஜா கதைக்கு அது சரி, பாதரசம் யார் சொல்லுக்கும் ஏறாது. நேரம் அதிகம் ஆகும் என்பார்கள். ஆகும்தான், எங்களுக்கு மூன்று நாள் ஆனது. பாடத்திட்டத்தில் ஒரு பாடத்துக்கு மூன்று நாள் கிடைக்காது என்பதும் தெரியும். எல்லாப் பாடத்துக்கும் வேண்டாம், வருடத்துக்கு இரண்டு பாடம் இப்படி நடந்தால் போதும்.

பேத்திக்கு பிசிக்ஸ் வந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். காலாண்டுத் தேர்வில் சுமாரான மதிப்பெண்தான். 'வராது' என்று மட்டும் அதன் பிறகு சொல்லவில்லை. அடுத்த விடுமுறைக்கு இப்போதே திட்டம் போட்டிருக்கிறாள். கீழே நாற்காலியில் நோட்டோடு அவள் உட்காருவாளாம், மாடிக்கு நான் போக வேண்டுமாம். போகிறேன், லிஃப்ட் வேலை செய்தால்.