பூசாரி வாள் எடுக்கக் கூடாதா?

குற்றாலத்தில் சாரல். குளிக்கக் கூப்பிட்டால் தென்காசி மருமகன் கம்ப்யூட்டரை விட்டு எழ மாட்டேன் என்கிறான். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டம். அவனுடைய ஆள் ஒரு பூசாரி, காயம் ஆற்றுபவர்.

"எதிரி கிட்ட வந்துட்டான். வாளால ஒரு போடு போடுலே!"

"பூசாரி வாள் தூக்க முடியாது மாமா. அது வேற க்ளாஸ்."

சுருக்கென்றது. மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம், மிச்ச நேரம் அப்பன் தொழில் என்று 1953-ல் ராஜாஜி கொண்டுவந்ததைக் 'குலக்கல்வி' என்று எதிர்த்து, 1954-ல் காமராஜர் வந்ததும் மூட்டை கட்டிய மாநிலம் இது!

"க்ளாஸை நான்தானே மாமா தேர்ந்தெடுத்தேன்?"

எப்போது? ஆட்டம் இன்னதென்று தெரியாத முதல் நாளில்!

எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தால் கூட்டு எதற்கு என்பார்கள். நியாயமான கேள்விதான். 2002-ல் ஜப்பானில் வந்த 'ஃபைனல் ஃபேன்டசி 11' அப்போதே பதில் சொல்லிவிட்டது: இன்னொரு தொழிலையும் பழகலாம், ஆனால் முதல் தொழிலின் பாதி உயரம் வரைதான். பூசாரி போர்வீரனின் வித்தையும் கொஞ்சம் பழகுவார், தளபதியாகிவிட மாட்டார். கூட்டும் உடையாது, ஆசையும் சாகாது.

மருமகன் இந்த ஜூனில்தான் பதினொன்றில் காமர்ஸ் சேர்ந்திருக்கிறான். நாளைக்கு பயாலஜி மேல் ஆசை வந்தால் என்ன சொல்லப் போகிறோம்... வேற க்ளாஸ் என்றா?