பதவி உயர்வும் பொறுப்புக் கூறலும்
வட அயர்லாந்துப் பொலிஸ் தலைமை பற்றிய ஒரு நோக்கு

பொலிஸ் படையொன்றின் தரத்தை அதன் தலைவரது ஆற்றலே நிர்ணயிக்கின்றது என்பது ஆட்சியாளர் நெடுங்காலமாகக் கூறிவரும் வாதமாகும். கலவரம் மூண்டால் அனுபவம் வாய்ந்த ஒருவரை அனுப்புவர். அது தணியாவிடின் அவரினும் அனுபவம் வாய்ந்த வேறொருவரைத் தேடுவர். அவ்வனுபவம் எங்கே பெறப்பட்டது, யாருக்குக் கணக்குக் காட்டப்பட்டது என்னும் வினாக்களை எழுப்புவோர் சிலரே. வட அயர்லாந்தின் பொலிஸ் தலைவர்களது சேவை வரலாறு இவ்வினாக்களைத் தவிர்க்க இயலாதனவாக்குகின்றது.

றோயல் அல்ஸ்ரர் கொன்ஸ்ரபுலரி எனப்பட்ட பொலிஸ் படை 1922இல் தோற்றுவிக்கப்பட்டது. அதற்கு முன்னோடியான அயர்லாந்துக் கொன்ஸ்ரபுலரி, பிரித்தானியப் பேரரசின் குடியேற்ற நாடுகள் பலவற்றின் பொலிஸ் அமைப்புக்கு மாதிரியாக விளங்கியதாகும். மக்களுக்குப் பணிபுரிவதிலும் பார்க்க மக்களை அடக்கியாள்வதற்கே அம்மாதிரி பொருத்தமானது. பேரரசின் பொலிஸ் அதிகாரிகள் நாடுவிட்டு நாடு சென்று இம்முறையைப் பரப்பினர். 1913 முதல் 1937 வரை இலங்கையின் பொலிஸ் மா அதிபராக விளங்கிய ஹேர்பேட் டவ்பிகின், 1930இல் பலஸ்தீனப் பொலிஸ் படையைச் சீரமைக்க ஆலோசனை கூறச் சென்றமை இதற்குத் தக்க சான்றாகும். அதே பலஸ்தீனப் படையில் 1946இல் தம் சேவையைத் தொடங்கியவரே பிற்காலத்தில் அல்ஸ்ரரின் பொலிஸ் தலைவரான கெனத் நியூமன்.

நியூமனின் பதவிப் படிகள் நோக்கற்பாலன. பலஸ்தீனத்திலிருந்து இலண்டன் மாநகரப் பொலிஸ். அங்கிருந்து 1973இல் அல்ஸ்ரர். 1976இல் அதன் தலைமைப் பதவி. 1978இல் சேர் பட்டம். 1980இல் பிராம்ஸில் பொலிஸ் கல்லூரியின் தலைமை. 1982இல் இலண்டன் மாநகரப் பொலிஸ் ஆணையாளர் பதவி. அவர் அல்ஸ்ரரில் தலைமை வகித்த காலத்திலேயே காஸல்றீ விசாரணை நிலையத்தில் கைதிகள் துன்புறுத்தப்படுவதாக முறைப்பாடுகள் எழுந்தன. 1979இல் வெளியான பெனற் குழுவின் அறிக்கை, பொலிஸ் காவலில் இருந்தோர் சிலருக்கு ஏற்பட்ட காயங்கள் அவர்களே தமக்கு விளைவித்தவையல்ல என்பதை ஏற்றுக்கொண்டது. ஆயினும் அவ்வறிக்கை தலைவரின் உயர்ச்சிக்கு எவ்விதத்திலும் இடையூறாகவில்லை.

இவருக்கு மாறான ஒருவர் ஆதர் யங். 1954இல் கென்யாவின் பொலிஸ் ஆணையாளராக நியமிக்கப்பட்ட அவர், பாதுகாப்புப் படையினர் புரிந்த கொடுமைகளை விசாரிக்க முயன்றபோது நிர்வாகத்தின் தடைகளை எதிர்கொண்டார். ஓராண்டும் நிறைவுறுமுன் பதவி துறந்தார். அவரது பதவி விலகற் கடிதம் அன்று மக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. 1969இல் ஹன்ற் குழுவின் சீர்திருத்தங்களை நிறைவேற்றுவதற்கென அவரே அல்ஸ்ரருக்கு அனுப்பப்பட்டார். அங்கும் அவர் நிலைத்த காலம் ஏறத்தாழ ஓராண்டே. தனியொருவரின் நேர்மை எத்துணை உயர்ந்ததாயினும், அதனைத் தாங்கிநிற்கும் அமைப்பில்லாதவிடத்து அது பயன்தராது என்பதை இது தெளிவுறுத்துகின்றது.

1980 முதல் 1989 வரை தலைமை வகித்த ஜோன் ஹேர்மனின் காலம் இவ்வுண்மையை மேலும் வலியுறுத்துகின்றது. 1982ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்மா மாவட்டத்தில் மூன்று சம்பவங்களில் ஆறுபேர் பொலிசாரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவன் பதினேழு வயது இளைஞன். இக்கொலைகளை விசாரிக்க 1984இல் மான்செஸ்ரரிலிருந்து வந்த பிரதித் தலைமை அதிகாரி ஜோன் ஸ்ரோக்கர், தமக்குத் தேவையான சான்றுகளைப் பெறுவதற்கே நீண்டகாலம் போராட வேண்டியிருந்தது. 1986இல் வேறொரு குற்றச்சாட்டின் பேரில் அவர் விசாரணையிலிருந்து அகற்றப்பட்டார். அக்குற்றச்சாட்டிலிருந்து சில மாதங்களில் விடுவிக்கப்பட்டும், அவ்விசாரணை அவரிடம் மீளக் கையளிக்கப்படவில்லை. சிறிது காலத்தில் அவர் சேவையையே துறந்தார். 1988இல் சட்டமா அதிபர் பற்றிக் மேயு, நீதியின் போக்கைத் திரிபுபடுத்தியமைக்குச் சான்றுகள் உண்டெனினும் தேசியப் பாதுகாப்புக் கருதி வழக்குத் தொடரப்படமாட்டாது எனப் பாராளுமன்றத்தில் அறிவித்தார். வினவியவர் வீடு சென்றார். வினவப்பட்ட படையின் தலைவர் பதவியில் நீடித்தார்.

அப்படையினர் ஏறத்தாழ 300 பேர் அக்காலப் போரில் உயிரிழந்தனர். அத்தகைய சூழலில் தலைவரைக் குறைகூறுதல் தகுமோ எனச் சிலர் வினவுவர். உயிரிழப்பின் துயரம் மறுக்கற்பாலதன்று. ஆனால் கணக்குக் கேட்கப்படாத படையைச் சமூகத்தின் ஒரு பகுதியினர் நம்பமறுத்தனர். நம்பிக்கையிழந்த மக்களிடையே கடமையாற்றிய கீழ்நிலைப் பொலிசாரே முதலில் பலியாயினர். தலைமையின் பொறுப்பின்மைக்கு விலை கொடுத்தோருள் அவர்களும் அடங்குவர்.

மாற்றம் ஏற்பட்டது புதியதோர் ஆற்றலாளர் வந்தமையாலன்று, அமைப்பு மாறியமையாலாகும். 1999இல் பற்றன் ஆணைக்குழு 175 விதப்புரைகளை முன்வைத்தபோது, அப்படையில் கத்தோலிக்கர் நூற்றுக்கு எட்டு வீதமளவிலேயே இருந்தனர். 2000இல் சுதந்திரமான பொலிஸ் முறைப்பாட்டதிகாரி பதவியும், 2001இல் பொலிஸ் சபையும், புதிய பெயருடன் பொலிஸ் சேவையும் உருவாகின. 1998இல் 29 பேரைப் பலிகொண்ட ஓமா குண்டுவெடிப்பு தொடர்பான பொலிஸ் விசாரணையை, 2001 டிசெம்பரில் முறைப்பாட்டதிகாரியின் அறிக்கை வன்மையாகக் கண்டித்தது; தலைவர் றொனி பிளனகனின் தலைமைத்துவமும் அதிற் கண்டிக்கப்பட்டது. அவர் அதனை மறுத்தார். பின்னர் அவர் பொலிஸ் பரிசோதகர்களின் தலைவராக உயர்ந்ததும், 2010இல் சர்வதேச கிரிக்கெற் சபையின் ஊழலெதிர்ப்புப் பிரிவுக்குத் தலைவரானதும் பழைய ஏணி முற்றாக அகற்றப்படவில்லை என்பதைக் காட்டுவன. எனினும், 2023இல் இளநிலைப் பொலிசார் இருவர் சட்டத்துக்கு மாறாகத் தண்டிக்கப்பட்டனர் என நீதிமன்றம் தீர்ப்பளித்ததையடுத்து எழுந்த நெருக்கடியில், தலைவர் சைமன் பேண் பதவி விலக நேர்ந்தது. கீழுள்ளோர் இருவருக்கு இழைத்த அநீதி மேலுள்ளவரைப் பதவியினின்றும் இறக்கும் நிலை நியூமனின் காலத்தில் எண்ணிப்பார்க்கவும் இயலாததாகும்.

ஆகவே, நல்ல தலைவரைத் தேடித் தருவதாகக் கூறும் ஆட்சியாளரிடம் மக்கள் கேட்கவேண்டியது அவரது பட்டங்களின் பட்டியலையன்று. அவரை விசாரிக்கும் அதிகாரம் யாரிடமுள்ளது என்பதையே. அதற்கு விடையில்லாத நாட்டில் பொலிஸ் தலைமை எத்தனைமுறை கைமாறினும் ஆளப்படும் மக்களின் நிலை மாறாது.