"லேசான பிரவுசர் போடுங்க" என்று சொல்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. தோட்டத்தில் படிக்கிற பிள்ளை ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் முழுதாக வாசியுங்கள்.

"நெட் ஸ்லோ என்றால் லேசான பிரவுசர் ஒன்றைப் போடுங்க." கருத்தரங்குகளில் எங்களுக்குக் கிடைக்கிற மருந்து இதுதான். பிரவுசரால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒபேரா மினி பக்கத்தைத் தன் சேர்வரில் சுருக்கித்தான் போனுக்கு அனுப்புகிறது. ஒரு கோடு சிக்னலிலும் எழுத்தாவது வந்து சேரும். (எல்லாம் அவர்கள் சேர்வர் வழியாகப் போவதால் வங்கி வேலையை அதில் பார்க்காதீர்கள்.) குரோமிலும் டேட்டா மிச்சம் பிடிக்கும் வசதி ஒன்று இருந்தது, 2022இல் கூகுள் எடுத்துவிட்டது. அன்ட்ரொயிட் போனில் பயர்பொக்ஸ் போட்டு, விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளொக் ஒரிஜினைச் சேருங்கள். டேட்டாவும் மிச்சம், கண்ட கண்ட படமும் பிள்ளையின் கண்ணில் படாது.

சரி, போட்டாச்சு. பிறகு?

பெரும்பாலான லயங்களில் ரீலோட் பண்ணுவது எதை? வட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப், டிக்டொக் பெக்கேஜ். மலிவாகக் கிடைப்பது அதுதான். ஆனால் அது அந்தந்தச் செயலிக்குள் மட்டும்தான் ஓடும். டீச்சர் வட்ஸ்அப்பில் அனுப்பிய லிங்கைப் பிள்ளை தட்டினால் பிரவுசர் திறக்கும், அங்கே பெக்கேஜ் செல்லாது. ஈ-தக்சலாவ, பரீட்சைத் திணைக்களத் தளம், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் எல்லாமே வேலிக்கு அந்தப் பக்கம். டிக்டொக் விடிய விடிய ஓடும், பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகம் இறங்காது. பிறகு ஜும்ஆ பயானிலும் கோயில் கூட்டத்திலும் "பிள்ளைகள் போனால் கெட்டார்கள்" என்று திட்டுகிறோம். விற்றவனை யாரும் திட்டுவதில்லை.

கொரோனா காலத்தில் ஈ-தக்சலாவவைக் காசில்லாமல் திறக்க விட்டார்கள்தானே? அப்படியென்றால் அது முடியாத காரியம் இல்லை. இன்றைக்கு நாங்கள் வாங்கும் டேட்டாவில் 18 வீத வற் வரியும் சேர்ந்திருக்கிறது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையிடமும் அதே வரிதான்.

அடுத்தது சிக்னல். 2021இல் பதுளை மாவட்டத்து போஹிதியாவ கிராமப் பிள்ளைகள் பாடம் படிக்கக் காட்டுவழியாகக் கல்மலை ஏறிய படம் உலகமெல்லாம் போனது. நம் பிள்ளைகள் தேயிலை மலைக்கு ஏறியதும் அதே காலத்தில்தான். அந்த ஆண்டே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கோபுரங்கள் கட்டும் திட்டம் ஒன்றை இரத்தினபுரியில் தொடங்கியது. பெயர் "கமட்ட சன்னிவேதனய", கிராமத்துக்குத் தொடர்பாடல் என்று அர்த்தம். இந்த நாட்டுப் புள்ளிவிவரத்தில் நகரம் ஒன்று, கிராமம் ஒன்று, தோட்டம் வேறொன்று. 2018இல் சட்டம் திருத்தப்படும் வரை பிரதேச சபை தோட்டத்துக்குள் வேலை செய்யவே சட்டச் சிக்கல் இருந்தது. அதனால் "கிராமத்துக்கு" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வரும்: எங்களையும் சேர்த்தா, விட்டா?

ஹட்டன் டவுனில் பைபர் இருக்கலாம். லயத்துக்குக் கேட்டால் விலாசத்துக்கு ஆதாரம் எங்கே என்பார்கள். கடிதமே தோட்டக் காரியாலயத்துக்கு வந்து பிரித்துக் கொடுபடுகிற இடத்தில் வீட்டு இலக்கத்துக்கு எங்கே போவது? "ஸ்டார்லிங்க் வந்துவிட்டதே" என்கிறார்கள் சிலர். 2025 ஜூலையில் வந்தது, உண்மை. அப்போது கருவி மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். 2024இல் நிர்ணயித்த 1350 ரூபா சம்பளத்தில் கணக்குப் போட்டால் எழுபது பேருக்கு மேல் போட வேண்டும், அதுவும் ஒரு நாள் கூட சோறு சாப்பிடாமல்.

இது படிப்போடு முடிகிற விஷயமும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மண் சரிந்தபோது நுவரெலியா மாவட்டத்தின் பல இடங்களில் போன் செத்துக் கிடந்தது. கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற நம் பிள்ளைகளுக்கு அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று தெரியவில்லை. அவர்களிடம் போய் எந்த பிரவுசர் நல்லது என்று சொல்லிப் பாருங்கள்.

ஆகவே என் கேள்விகள் இவை. தோட்டக் கம்பனி ஒவ்வொரு டிவிசனிலும் கோபுரத்துக்கோ கேபிளுக்கோ இடம் விட்டிருக்கிறதா? ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் கல்வித் தளங்களை எல்லாப் பெக்கேஜிலும் சேர்க்கச் சொல்லி ஒரு தடவையாவது பேசினார்களா? பாடசாலையில் இணைப்பு இருந்தும் மணி அடித்ததும் ஏன் பூட்டுகிறோம்? இது எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் அதிபர்களுக்கும். திருவிழாவுக்கும் கந்தூரிக்கும் வீட்டுக்கு வீடு சேர்க்கிற நமக்கு, கோயில் மண்டபத்திலோ மத்ரஸாவிலோ எல்லாப் பிள்ளைகளுக்குமாக ஓர் இணைப்பு எடுக்க முடியாதா?

தகவலறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து இருக்கிறது. நம் பிரதேசத்தில் எத்தனை கோபுரம் திட்டத்தில் உண்டு, எத்தனை தோட்டத்துக்குள் என்று ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்கப் போகிறேன். அதற்கு விவரம் வேண்டும். உங்கள் தோட்டம், டிவிசன், எந்த சிம், லயத்துக்குள் சிக்னல் உண்டா, இல்லையென்றால் எங்கே போய் நிற்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் வட்ஸ்அப்பில் குரலாக அனுப்பினாலும் போதும், நான் எழுதிக்கொள்கிறேன்.