தோட்டத்து வயருக்கு இருக்கிற மரியாதை

இன்னைக்கு வெள்ளாமை பத்தி இல்லை. வீட்டுக்குள்ள தரையில கிடக்கிற வயரைப் பத்திப் பேசணும்.

2020 ஊரடங்குல ஊருக்கு வந்த மகன், இன்னும் வீட்டுல இருந்துதான் கம்பெனி வேலை பாக்குறான். மூட்டை அடுக்குற அறைதான் அவனுக்கு ஆபீஸ். காத்து வரும்னு மேசையை ஜன்னலோரம் போட்டான். பிளக் இருக்கிறது எதிர்ச் சுவத்துல. அதனால எக்ஸ்டென்ஷன் வயரும் மோடம் வயரும் நடைபாதைக்குக் குறுக்கே கிடந்துச்சு. நானும் தினமும் தாண்டித்தான் போனேன்.

போன மாசம் ஒருநாள் பொழுது சாயுற நேரம். பேரனுக்குக் காப்பி கொண்டுபோன அம்மா கால்ல வயர் மாட்டிக்கிச்சு. 74 வயசு. நல்லவேளை, கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டாங்க. காப்பி கொட்டினது எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு ஒரு சாண் தள்ளி. சொல்ல வெட்கமா இருக்கு, நானும் மகனும் ஓடிப்போய் முதல்ல பிடிச்சது லேப்டாப்பை.

அம்மா கேட்டாங்க: "கெணத்து மோட்டார் வயரை மம்பட்டி படாம பைப்புக்குள்ள விட்டுப் பொதைக்கிறே. மனுசங்க நடக்குற எடத்துல இப்படிப் போட்டு வெச்சிருக்கியே?"

என்கிட்ட பதில் இல்லை.

அடுத்த நாளே வேலையை ஆரம்பிச்சோம். முதல்ல மேசையை பிளக் இருக்கிற சுவத்துக்கே நகர்த்தினோம். பாதிப் பிரச்சினை அதுலயே தீர்ந்துச்சு. மோடம் வயரை பிளாஸ்டிக் பட்டிக்குள்ள விட்டு, சுவரோரமாவே கொண்டுபோய், வாசல் வந்த இடத்துல நிலைக்கு மேல ஏத்தி இறக்கினோம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மேசைக் காலோட உயரத்துல கட்டிட்டோம். இனி வீடு துடைக்கிற தண்ணி அதுல படாது.

வயர் மேல பாயை விரிச்சு மறைச்சிடலாம்னு மகன் சொன்னான். வேண்டாம்னுட்டேன். மிதிபட மிதிபட மேல்தோல் நைஞ்சு போறது வெளியே தெரியாது, சூடும் வெளியேறாது. நெல்லு இருக்கிற வீட்டுல எலிக்கும் அது வசதி. மிச்ச வயரை இறுக்கமாச் சுருட்டி வெச்சு, அதுலயே அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் போடுறதும் தப்பு. சுருளுக்குள்ள சூடு ஏறும். ஒரு பாக்ஸ்ல இன்னொரு பாக்ஸைச் சொருகுறதும், பிளக் இல்லாத வயரை தீக்குச்சி வெச்சு முட்டுக் கொடுக்கிறதும் நம்ம ஊர் வழக்கம். அதை இனியாவது விடணும்.

மெயின் போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டாச்சு. கரண்ட் கசிஞ்சா லைனைத் துண்டிச்சிடும். ஆனா தடுக்கி விழுறதை எந்தக் கருவியும் தடுக்காது.

வீட்டுல இருந்து வேலை பாக்குறது நல்ல விஷயம்தான். பிள்ளைங்க ஊர்லயே இருக்காங்க. ஆனா ஆபீஸ் வீட்டுக்குள்ள வந்தா, இடம் மாறிக்க வேண்டியது ஆபீஸ்தான். வயசானவங்க நடந்து பழகின வழியை அது பிடிக்கக் கூடாது. உங்க வீட்டுத் தரையையும் இன்னைக்கு ஒரு தடவை பாருங்க.

அம்மா இப்பவும் காப்பி கொண்டுபோறாங்க. நிலைகிட்ட வந்ததும் நின்னு, தரையைப் பாத்துட்டுத்தான் காலை எடுத்து வைக்கிறாங்க. வயரை எடுத்துட்டோம். அந்தப் பயத்தை எப்படி எடுக்கிறதுன்னுதான் தெரியலை.